பிஎச்பி: ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். எனக்கு நன்றாக வருவது இணையதளங்கள் எழுதப் பயன்படும் பிஎச்பி என்ற நிரல் மொழிதான். நண்பர்களோ, ‘அது பழசு, பைத்தான் மொழியைப் படி’ என்கிறார்கள். நீங்கள் இன்னும் பிஎச்பியில்தான் எழுதுவதாகச் சொல்லியிருந்தீர்கள். பழகிப்போனதாலா, நிஜமாகவே பிடிக்குமா?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள தம்பி,

நிஜமாகவே பிடிக்கும். பழசு என்று பார்த்தால் பைத்தான்தான் மூத்தது. அது வெளிவந்தது 1991, பிஎச்பி 1995.

குறைகள் உண்மைதான். பட்டியலில் ஒன்றைத் தேடும் இன்_அர்ரே என்ற ஃபங்ஷனில் தேடும் பொருளை முதலில் தர வேண்டும், எழுத்துத் தொடரில் தேடும் ஸ்டர்பாஸில் இரண்டாவதாக. இன்றும் எனக்கு மேனுவலைப் பார்க்காமல் ஓடாது. பிஎச்பியை உருவாக்கிய ராஸ்மஸ் லெர்டார்ஃப் புதிய மொழி படைக்க உட்காரவில்லை. இணையத்தில் போட்ட தன் ரெஸ்யூமேவை யார் பார்க்கிறார்கள் என்று அறிய 1994இல் சி மொழியில் சில கருவிகள் எழுதினார். அவை தேவைக்கேற்ப வளர்ந்து மொழியானதால்தான் இந்த ஒழுங்கின்மை. பூஜ்யமும் ‘abc’யும் சமம் என்று சொல்லிக்கொண்டிருந்த கோளாறு, 2020இல் வந்த எட்டாம் பதிப்பில்தான் சரியானது.

ஆனால் நான் நேசிப்பது அது வேலை செய்யும் விதத்தை. வழக்கமான அமைப்பில், ஒருவர் பக்கத்தைக் கேட்டதும் நிரல் முதல் வரியிலிருந்து ஓடும், பக்கத்தைக் கொடுக்கும், நினைவகத்தைத் துடைத்துவிட்டு முடிந்துபோகும். அடுத்தவருக்கு எல்லாம் புதிதாக ஆரம்பம். ஒருவருக்கு வந்த பிழை மாறிகளில் ஒட்டிக்கொண்டு அடுத்தவரிடம் போவதில்லை. கற்றுக்கொள்பவருக்கு இது எவ்வளவு பெரிய தைரியம்! கோப்பைத் திருத்து, சேமி, பிரவுசரை ரெஃப்ரெஷ் செய், அவ்வளவுதான். கம்பைல் செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம். ஒரே சர்வரைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும் மலிவான ஷேர்டு ஹோஸ்டிங் போதும், கோப்புகளை அனுப்பும் எஃப்டிபியில் ஏற்றிவிடலாம். சொந்தமாக சர்வர் வாங்க வசதியில்லாதவருக்கும் இணையத்தில் ஓர் இடம் கிடைத்தது இந்த எளிமையால்தான். அதற்காகவே இந்த மொழிக்கு நன்றி சொல்வேன்.

உலகின் இணையதளங்களில் நாற்பது சதவீதத்துக்கு மேல், தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் ஓடுகின்றன. அது பிஎச்பியில் எழுதியது. தமிழ் விக்கிப்பீடியாவைத் தாங்கும் மீடியாவிக்கி மென்பொருளும் பிஎச்பிதான். வேலை இல்லாமல் போகாது.

பைத்தானும் படியுங்கள், தப்பில்லை. ஆனால் ரெஸ்யூமேயில் பிஎச்பியை ஒளிக்காதீர்கள். பிஎச்பியில் தளம் கட்ட அடித்தளமாகும் லாரவெல், பிறர் எழுதிய நிரல் தொகுப்புகளைச் சேர்க்க உதவும் கம்போஸர் இரண்டும் பழகிக்கொள்ளுங்கள். அப்புறம், முக்கியமாக ஒன்று: பழைய பாடங்கள் பலவற்றில், தரவுத்தளத்திடம் கேட்கும் மைஎஸ்க்யூஎல்_குவெரி என்ற ஃபங்ஷன் இன்னும் இருக்கிறது. 2015இல் வந்த ஏழாம் பதிப்பிலேயே அதை எடுத்துவிட்டார்கள். பயனர் தட்டச்சு செய்ததை அப்படியே தரவுத்தளத்துக்கான எஸ்க்யூஎல் கட்டளையில் ஒட்டச் சொல்லித்தரும் பாடம் எதுவானாலும் மூடிவிடுங்கள், அதன் வழியே யாரும் தம் கட்டளையை நுழைத்துவிடலாம். தரவுத்தளத்தோடு பேச பிஎச்பியில் உள்ள பிடிஓவில், பயனர் தந்ததைக் கட்டளையோடு கலக்காமல் தனியாக அனுப்பும் பிரிப்பேர்டு ஸ்டேட்மெண்ட் எழுதுவது எப்படி என்று அதிகாரபூர்வ மேனுவலிலேயே இருக்கிறது, அதிலிருந்து தொடங்குங்கள்.

அன்புடன்,
அக்கா