பாஸ் இல்லாமல் டெலுரைடு திரைப்பட விழாவுக்குப் போகலாமா?

கேள்வி: ஹூஸ்டனில் இருக்கிறோம். செப்டம்பர் முதல் திங்களில் வரும் லேபர் டே விடுமுறைக்கு, கொலராடோ மலையில் இருக்கும் டெலுரைடு ஊரின் திரைப்பட விழாவுக்குப் போக ஆசை. பனிச்சறுக்கு ஊர் என்கிறார்கள்; ஒரு நாள் சறுக்கிவிட்டு மீதி நாள் படம் பார்க்கலாமா? பாஸ் வாங்கவில்லை. கூட வரும் அம்மாவுக்கு 68 வயது, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார்.

பதில்: சறுக்குவதை மறந்துவிடுங்கள். செப்டம்பர் பிறக்கும் நேரத்தில் அந்தச் சரிவுகளில் புல்தான் இருக்கும், பனி இருக்காது. பனியும் படமும் ஒரே வாரத்தில் வேண்டுமென்றால், 2026 வரை அதற்கு இருந்தது யூட்டா மாநிலத்து பார்க் சிட்டியில் ஜனவரி மாதம் நடந்த சன்டான்ஸ் திரைப்பட விழாதான். அந்த விழாவும் 2027 முதல் போல்டர் நகரத்துக்கு மாறிவிடுகிறது.

அடுத்தது அம்மா. படத்தைவிட இதற்குத்தான் முதலில் திட்டம் போட வேண்டும். டெலுரைடு 8,750 அடி உயரத்தில் இருக்கிறது, ஊட்டியைவிட ஆயிரம் அடிக்கு மேல் அதிகம். கடல்மட்டத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய கால்வாசி அங்கே குறைவு. ஹூஸ்டன்காரர்கள் நேராகப் போய் இறங்கினால் முதல் ராத்திரி தலைவலி, தூக்கமின்மை, சிலருக்குக் குமட்டல். நான் முதல் தடவை போனபோது பெட்டியோடு இரண்டு மாடி ஏறிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தவன், சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. கிளம்பும் முன் அம்மாவின் மருத்துவரைப் பார்த்து, மாத்திரை அளவு, உயரத்தால் வரும் உபாதைக்கு முன்கூட்டியே எடுக்கும் அசிட்டசோலமைடு மாத்திரை இவருக்குப் பொருந்துமா என்று கேட்டுவிடுங்கள். விமானத்தில் மான்ட்ரோஸ் போய், முதல் ராத்திரி அங்கேயே தங்குங்கள். அது 5,800 அடிதான். மறுநாள் ரிட்ஜ்வே, டாலஸ் டிவைடு வழியாக ஒன்றரை மணி நேரக் கார் பயணம். உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொள்ளும். தலைவலி விடாமல் கூடிக்கொண்டே போனாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, பொறுத்துப் பார்க்க வேண்டாம். உடனே கீழே இறங்கி மருத்துவரிடம் காட்டுங்கள்.

சரி, பாஸ். இந்த விழாவில் என்ன படம் என்று முந்தின நாள்வரை யாருக்கும் சொல்ல மாட்டார்கள். 1974-இல் தொடங்கிய விழா இது; நெடுங்காலமாக இதுதான் வழக்கம். படங்களுக்குள் போட்டியும் அதற்கான பரிசும் கிடையாது. பாஸ் வாங்குகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்குகிறார்கள். நம் ரஹ்மானுக்கு இரண்டு ஆஸ்கர் வாங்கித் தந்த 'ஸ்லம்டாக் மில்லியனர்' முதன்முதலில் திரையிடப்பட்டது 2008-இல் இங்கேதான். அன்றைக்கு அரங்கில் இருந்தவர்கள் அதைத் தேடி வந்தவர்கள் அல்ல.

பாஸ் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. ஒவ்வொரு காட்சிக்கும் பாஸ்காரர்கள் உள்ளே போன பிறகு, மிச்சமிருக்கும் இருக்கைகளுக்கு வாசலிலேயே டிக்கெட் தருவார்கள். ஆகவே பெரிய அரங்காகப் பாருங்கள். வெர்னர் ஹெர்சாக் அரங்கு குளிர்காலத்தில் ஐஸ் ஹாக்கி ஆடும் இடம். விழாவுக்காக அதற்குள் 650 இருக்கை போட்டு ஒரு தியேட்டரையே கட்டிவிடுகிறார்கள். பாம் அரங்கிலும் ஏறக்குறைய அவ்வளவு பேர் உட்காரலாம். 1913-இல் கட்டிய ஷெரிடன் ஓபரா ஹவுஸ் பார்க்க அழகு, ஆனால் சின்னது. பாஸ் இல்லாமல் அந்த வரிசையில் நின்று நேரத்தை வீணாக்காதீர்கள்.

வரிசையில் நிற்பவர்களுக்கு 'க்யூ' என்று ஒரு எண் அட்டை தருவார்கள். அது கையில் இருந்தால் வரிசையில் உங்கள் இடம் போகாது. காபி குடித்துவிட்டு வரலாம், அம்மாவை பெஞ்சில் உட்கார வைக்கலாம். சொன்ன நேரத்துக்குத் திரும்பவில்லை என்றால் எண்ணுக்கு மதிப்பில்லை. மதியத்துக்கு மேல் திடீரென்று இடி மழை வரும், ஆகவே மழைக்கோட்டு பையிலேயே இருக்கட்டும். பகலில் சட்டையோடு திரியலாம், ராத்திரி ஐந்து டிகிரி செல்சியஸ் பக்கம் இறங்கிவிடும்.

காசே இல்லாமல் பார்க்கவும் இருக்கிறது. எல்க்ஸ் பூங்காவில் ராத்திரி திறந்தவெளிப் படம். அங்கேயே நண்பகலில் இயக்குநர்களும் நடிகர்களும் உட்கார்ந்து பேசுவார்கள். அம்மாவுக்கு இந்த நண்பகல் பேச்சுதான் தோதுப்படும் என்பது என் கணிப்பு. அந்தத் திறந்தவெளி அரங்குக்கு பிரெஞ்சு இயக்குநர் ஆபெல் கான்ஸ் பெயர். 1979-இல் அவருடைய மௌனப்படம் 'நெப்போலியன்' இங்கே ராத்திரியில் ஓடியபோது, 89 வயதுக் கிழவர் எதிரே ஹோட்டல் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். போர்வையும் கம்பளிக் குல்லாவும் இல்லாமல் அங்கே போகாதீர்கள்.

ஊருக்குள் தங்க வாடகை கண்ணைக் கட்டும், ரிட்ஜ்வேயில் பார்க்கலாம். காரை மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மவுண்டன் வில்லேஜ் ஊரின் பார்க்கிங்கில் விட்டுவிட்டு கோண்டோலாவில் ஏறுங்கள். நம் ஊரில் ரோப் கார் என்போமே, அந்த மாதிரி கயிற்றில் போகும் மூடிய பெட்டி. 1996 முதல் ஓடுகிறது, கட்டணம் கிடையாது. பதின்மூன்று நிமிடத்தில், 10,500 அடி உச்சியைத் தாண்டி டெலுரைடில் இறக்கிவிடும். மின்னல் அடித்தால் நிறுத்திவிடுவார்கள், ஆகவே மழை கறுக்கும்போது காட்சி நேரத்தை ஒட்டி ஏறாதீர்கள். மவுண்டன் வில்லேஜிலேயே 500 இருக்கை கொண்ட சக் ஜோன்ஸ் அரங்கும் இருக்கிறது. முக்கியமாக அந்த அரங்குக்கென்றே குறைந்த விலையில் 'ஆக்மி' பாஸ் ஒன்று உண்டு. அடுத்த வருஷம் போவதானால் அதை வாங்குங்கள்.

சமையலறையோடு வீடு எடுத்தால் சின்ன குக்கர் ஒன்று கொண்டுபோங்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 91 டிகிரியிலேயே கொதித்துவிடும். சும்மா பாத்திரத்தில் வைத்தால் பருப்பு சாயங்காலம்வரை வேகாது.

அப்புறம், திரும்பும் விமானத்தைத் திங்கட்கிழமைக்குப் போடாமல் செவ்வாய்க்கிழமைக்குப் போடுங்கள். கூட்டம் நிரம்பி வழிந்த படங்களை, அட்டவணையில் காலியாக விட்டிருக்கும் நேரங்களில் மறுபடி போடுவார்கள். விழாவின் கடைசி நாளான திங்களன்று பாதிப் பேர் பெட்டி கட்டிக்கொண்டிருப்பார்கள். பாஸ் இல்லாதவர்களுக்கு வாசலில் சுலபமாக டிக்கெட் கிடைக்கும் நாள் அதுதான்.