வாசகர் கேள்வி – பதில்: ரிமோட் டாங்கிக்கு ஒரு போர்க்களம்

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் பத்துக்குப் பதினைந்து அடி மண் தரை சும்மா கிடக்கிறது. என்னிடமும் மகனிடமும் 1/16 அளவு ரிமோட் டாங்கிகள் இரண்டு இருக்கின்றன. போர்க்களம் அமைக்க ஆசை, எங்கிருந்து தொடங்குவது?
– வாசகர், ராமமூர்த்தி நகர், பெங்களூரு

பதில்: இடம் தாராளம். வீடு, பாலம், மரம் எல்லாம் அப்புறம், முதலில் தண்ணீர் போக வழி செய்யுங்கள். மே மாதத்துச் சாயங்கால மழை ஒன்று அடித்தாலே போதும், வெறும் மண்ணைக் குவித்துக் கட்டிய மலையெல்லாம் கரைந்து ஓடிவிடும். அதுவும் நம்ம ஊர்ச் செம்மண் நனைந்தால் களியாக ஒட்டி, டாங்கியின் செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் இடையில் அப்பிக்கொள்ளும். ஆறு அங்குலம் தோண்டி, மீட்டருக்கு 2 செ.மீ. சரிவு வைத்து, அடியில் ஜல்லி, அதன்மேல் பச்சை ஷேட் நெட், அதற்கும் மேலே செம்மண்ணும் எம்-சாண்டும் சரிபாதியாகக் கலந்து போடுங்கள். மேல் மண்ணைக் கட்டாயம் சலிக்க வேண்டும், ஏனென்றால் பட்டாணி அளவு கல் ஒன்று செயினில் சிக்கினாலே கியர் பல் போய்விடும்.

மலைக்கு உள்ளே உடைந்த செங்கல்லை அடுக்கி, மேலே சிமென்ட் கலந்த செம்மண்ணைப் பூசுங்கள். நூற்றுக்கு ஏழு பங்கு சிமென்ட் போதும். மண் கட்டி செய்து வீடு கட்டுகிறவர்கள் சேர்க்கிற அளவுதான் அது. அதிகமானால் பார்க்கத் தளம் போட்டதுபோல ஆகிவிடும். சரிவு 30 டிகிரியைத் தாண்ட வேண்டாம், நிஜ டாங்கிக்கே ஏறக்குறைய அதுதான் எல்லை.

அளவுக்கு எல்லாவற்றையும் பதினாறால் வகுத்துப் பாருங்கள். ஜெர்மன் டைகர் டாங்கி 3.7 மீட்டர் அகலம் என்றால் உங்கள் களத்தில் 23 செ.மீ., ஆக இரண்டு டாங்கி எதிரெதிரே வர 60 செ.மீ. பாதையாவது வேண்டும். ஆள் 10 செ.மீ. சொச்சம், வாசல் கதவு 12 செ.மீ. உயரம். புல்லை 3 செ.மீ. வளரவிட்டாலே அது முழங்கால் உயரப் புதர். இலை பொடியாக உள்ள செடிகளையே நடுங்கள், பெரிய இலை ஒன்று இருந்தாலும் மொத்தக் காட்சியும் பொம்மையாகிவிடும்.

எந்தப் போரை அமைப்பது என்று யோசித்தால், என் ஆசை 1965 செப்டம்பரில் பஞ்சாபில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிய அசல் உத்தர் சண்டை. நம் ராணுவம் வாய்க்காலை உடைத்து வயல்களில் தண்ணீர் பாய்ச்சியதால் பாகிஸ்தானின் பாட்டன் (Patton) என்ற அமெரிக்க டாங்கிகள் கரும்புக் காட்டுச் சேற்றில் மாட்டிக்கொண்டன. ஒரு மூலையில் ராகி விதையுங்கள், ஒரு சாண் வளர்ந்ததும் அந்த அளவில் அசல் கரும்புத் தோட்டம்தான்.

கேள்வி: எங்களுக்கு மொட்டை மாடி மட்டும்தான். அங்கே மண் கொட்டலாமா?
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: வேண்டாம்மா. ஈர மண் 10 செ.மீ. கொட்டினாலே சதுர மீட்டருக்குச் சுமார் 180 கிலோ. ஆள் நடமாடும் மாடிக்கு வழக்கமாகக் கணக்குப் போடுவது 150 கிலோ. ஒழுக ஆரம்பித்தால் கீழ்வீட்டுக்காரரோடும் மனஸ்தாபம். ப்ளைவுட் பலகைகளில் தெர்மாக்கோலை மலையாக வெட்டி ஒட்டி, சிமென்ட் பாலில் முக்கிய சாக்குத் துணியைப் போர்த்தி, ஈரம் காயுமுன் மணலைத் தூவிவிடுங்கள், செயினுக்குப் பிடிமானம் கிடைக்கும். இரண்டுக்கு நான்கு அடியாகத் துண்டு போட்டால் மழைக்கு முன் ஆளுக்கொன்றாகத் தூக்கி உள்ளே வைத்துவிடலாம்.

கேள்வி: குண்டு போடுகிற டாங்கி வாங்கலாமா, இன்ஃப்ராரெட் வாங்கலாமா?
– வாசகர், சிவாஜி நகர், பெங்களூரு

பதில்: குழந்தைகள் இருக்கிற வீட்டில், குண்டுக்குப் பதில் கண்ணுக்குத் தெரியாத கதிரை அடிக்கிற இன்ஃப்ராரெட்தான். 6 மி.மீ. பிளாஸ்டிக் குண்டு கண்ணில் பட்டால் விபரீதம், பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் ஒருவரும் பக்கத்தில் நிற்கக்கூடாது; சிதறிய குண்டுகளும் மண்ணிலேயே கிடக்கும். இன்ஃப்ராரெட்டில் அடி வாங்க வாங்க டாங்கி வேகம் குறைந்து கடைசியில் நின்றுவிடும், ஆட்டம் சூடுபிடிப்பதே அங்கேதான். வெயிலில் மட்டும் அந்தக் கதிர் சரியாகப் பிடிக்காது, அதனால் நிழலில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஐந்து மணிக்கு மேல் ஆடுங்கள்.