அறுவடை முடியட்டும், அங்கோர் வாட் காத்திருக்கும்

ஐயா, பள்ளித் தோழர்கள் மூவரும் ஜனவரியில் கம்போடியாவின் அங்கோர் வாட் கோயிலைப் பார்க்கச் செல்ல எண்ணியிருக்க, ஒருவருக்குச் சம்பா அறுவடையும் இன்னொருவருக்கு மே மாதம் முடியும் கடவுச்சீட்டும் குறுக்கே நிற்பதாக எழுதியிருந்தீர்கள். கதிர் முற்றி நிற்கையில் திருவையாற்று விவசாயி எவரும் நிம்மதியாக விமானம் ஏறமாட்டார் (கொள்முதல் நிலையத்தில் மூட்டைகளோடு காத்திருந்து ஒரு பயணத்தையே தவறவிட்டவன் நான்). ஆகவே நெல்லைக் கொள்முதலுக்குப் போட்டுவிட்டுப் பிப்ரவரி இறுதியில் புறப்படுங்கள். அங்கே அப்போதும் மழை இருக்காது, ஏப்ரல் வெயிலுக்கு மட்டும் தள்ளிவிடாதீர்கள்.

கடவுச்சீட்டில் ஆறு மாதமாவது மிச்சமிருக்க வேண்டும் என்பதாலும், புதுப்பித்தால் எண் மாறிவிடும் என்பதாலும், புதியது கைக்கு வந்த பிறகே விசாவுக்குப் பணம் கட்டுங்கள். அங்கோர் கோயில்களுக்கான மூன்று நாள் நுழைவுச்சீட்டைப் பத்து நாட்களுக்குள் இடைவெளி விட்டும் பயன்படுத்தலாம். உங்களில் முழங்கால் வலியுள்ள நண்பர் அங்கோர் வாட் நடுக்கோபுரத்தின் செங்குத்துப் படிகளைத் தவிர்த்து, கிழக்குச் சுற்றில் தேவரும் அசுரரும் வாசுகியை இழுத்துப் பாற்கடல் கடையும் நீண்ட புடைப்புச் சிற்பத்தை நிதானமாகப் பார்க்கட்டும்.