அந்தப் பொடியனைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள்

கேள்வி: ஹட்டனில் சிறிய தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிறேன். 18 பேர் உட்காரலாம். மழைக்குப் பயந்து முன்பக்கத்தையும் தகரம் அடித்து மூடிவிட்டேன். உள்ளே ஒரு பொடியன் சிகரெட் குடித்ததற்கு பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) என் மேல் வழக்குப் போட்டிருக்கிறார். பக்கத்துக் கடையில் தினமும் குடிக்கிறார்கள், அங்கே போவதில்லை. நுவரெலியாவில் பெரிய ஹோட்டல்களில் புகைக்கத் தனி இடமே இருக்கிறது. ஏழை என்றால்தானா சட்டம்? பொடியனுக்கு 19 வயது. "முதலாளி குடிக்கச் சொல்லவில்லை, சிகரெட்டை வாங்கி நானாகத்தான் பற்றவைத்தேன்" என்று சாட்சி சொல்வதாகச் சொல்கிறான். எதிர்த்து வாதாடலாமா?

பதில்: பக்கத்துக் கடை தப்பியதால் நீங்கள் தப்ப முடியாது. பெரிய ஹோட்டல் விஷயம் வேறு. 30 அறைக்குக் குறையாத ஹோட்டலும் 30 பேருக்குக் குறையாமல் உட்காரக்கூடிய உணவகமும் காற்றோட்டத்தோடு தனி இடம் ஒதுக்கலாம் என்று 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் புகையிலை, மதுசார அதிகாரசபைச் சட்டமே சொல்கிறது. உங்கள் கடை அதில் வராது.

நீங்கள் குடிக்கச் சொன்னீர்களா என்பதும் கேள்வி இல்லை. 39ஆம் பிரிவின்படி மூடிய பொது இடத்தில் புகைப்பதும் குற்றம், புகைக்க விடுவதும் குற்றம். நாள் முழுக்க அந்தப் புகைக்குள் நிற்பது உங்கள் கடையில் வேலை செய்யும் பையன்தான், அவனுக்காகவும்தான் இந்தச் சட்டம்.

நான் பயப்படுவது உங்கள் சாட்சியை நினைத்துத்தான். 21 வயதுக்குக் குறைந்தவருக்கு சிகரெட் விற்பது 31ஆம் பிரிவின் கீழ் தனிக் குற்றம். பொடியன் கூண்டில் ஏறியதும் குறுக்கு விசாரணையில் முதல் கேள்வி வயது, அடுத்தது "எங்கே வாங்கினாய்?" உங்கள் கடையில் வாங்கியிருந்து அவன் உண்மையைச் சொன்னால், இதுவரை இல்லாத குற்றத்துக்கு நீங்களே சாட்சி கொண்டுவந்து கொடுத்த மாதிரி. வேறு கடையில் வாங்கியதாகச் சொல்லச் சொன்னால் இன்னும் மோசம், சத்தியம் செய்து பொய் சொன்ன குற்றத்தில் அவனும் மாட்டுவான், சொல்லிக்கொடுத்த நீங்களும் மாட்டுவீர்கள். நல்லது செய்ய வந்த சாட்சியாலேயே கெட்டுப்போன வழக்குகளை நிறையப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, பி.எச்.ஐ.யிடம் யாரையாவது காசோடு அனுப்பும் யோசனை இருந்தால் இப்போதே விடுங்கள். இலஞ்ச வழக்கு வந்தால் தண்டப்பணத்தோடு முடியாது.

குற்றப்பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். 39 மட்டும் இருந்தால் வழக்கின் முதல் தவணை நாளிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணத்தைக் கட்டிவிட்டு வாருங்கள். 31உம் இருந்தால் சட்டத்தரணி இல்லாமல் நீதவான் முன் ஒரு வார்த்தை பேசாதீர்கள். எதுவானாலும் தவணைக்குப் போகாமல் இருக்காதீர்கள், பிடியாணை வரும். அதற்கு முன் மேசையில் இருக்கும் சாம்பல் தட்டையும் கட்டித் தொங்கவிட்ட லைட்டரையும் எடுத்துவிடுங்கள், அப்புறம் வயது தெரியாத யாருக்கும் அடையாள அட்டை பார்க்காமல் ஒரு சிகரெட் கூட விற்காதீர்கள்.