படிப்பது கண்ணில் தெரியாமலிருக்க எந்த டெலிப்ராம்ப்டரை வாங்கலாம்?

கேள்வி: நான் பாடக் காணொளிகளைப் பதிவு செய்து வருகிறேன். மடிக்கணினித் திரையில் ஸ்கிரிப்டைத் திறந்து வைத்துக்கொண்டு, அதன் மேலிருக்கும் கேமராவைப் பார்த்துப் பேசுகிறேன். ஆனால் நான் எதையோ பார்த்துப் படிக்கிறேன் என்று மாணவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுகிறார்கள். கண்ணாடி பொருத்திய டெலிப்ராம்ப்டர் (பேச வேண்டியதைக் கேமராவின் முன் ஓடவிட்டுக் காட்டும் கருவி) வாங்கினால் இக்குறை தீருமா? பார்வையைத் திருத்தித் தரும் மென்பொருளே போதும் என்று சிலர் சொல்வது சரியா?

பதில்: பாதி தீரும். நீங்கள் படிப்பதை இரண்டு அடையாளங்கள் காட்டிக்கொடுக்கின்றன. ஒன்று, பார்வை லென்ஸை விட்டு விலகியிருப்பது. மற்றொன்று, வரியைப் படிக்கும்போது கருவிழி இடமும் வலமுமாக ஓடுவது. நீங்கள் கேட்கும் கருவி முதலாவதை முழுவதும் நீக்கிவிடும். இரண்டாவதை அதனால் நீக்க முடியாது.

மடிக்கணினிக்கு முன் 60 செ.மீ. தொலைவில் அமர்ந்து, கேமராவுக்கு 10 செ.மீ. கீழே இருக்கும் வரியைப் படித்தால் உங்கள் பார்வை 9 டிகிரிக்கும் சற்று அதிகமாகக் கீழிறங்கும். காணொளி உரையாடல் பற்றி 2002இல் வெளியான ஓர் ஆய்வின்படி, பார்வை ஏறத்தாழ 5 டிகிரி வரை கீழிறங்கினாலும் பெரும்பாலோர் அதை நேர்ப்பார்வையாகவே எடுத்துக்கொள்கிறார்கள். பக்கவாட்டிலோ மேல்நோக்கியோ விலகினால் அதைவிட மிகச் சிறிய கோணத்திலேயே கண்டுகொள்கிறார்கள். கைப்பேசியைக் கிடைமட்டமாக வைத்து முன்பக்கக் கேமராவில் பதிவு செய்பவர்களின் பார்வை அவ்வளவு வெளிப்படையாக விலகித் தெரிவதற்கும் இதுவே காரணம்: கைப்பேசியைத் திருப்பியதும் கேமரா ஓர் ஓரத்துக்குப் போய்விடுகிறது, எழுத்து நடுவில் நிற்கிறது. செங்குத்தாகவே வைத்துக்கொண்டு, கேமராவுக்கு ஒட்டினாற்போல் மேல்விளிம்பில் ஸ்கிரிப்ட் ஓடும்படி அமைத்தால், ஒரு பைசா செலவின்றியே நிலைமை பெரிதும் மேம்படும்.

டெலிப்ராம்ப்டரில் 45 டிகிரி சாய்வாக நிற்கும் கண்ணாடி, கீழே படுத்திருக்கும் டேப்லெட்டின் எழுத்தை உங்கள் பக்கம் பிரதிபலிக்கிறது. கேமரா அதே கண்ணாடியின் பின்னாலிருந்து உங்களைப் பார்க்கிறது. ஆகவே நீங்கள் படிக்கும் வரி லென்ஸுக்கு நேர் முன்னாலேயே நிற்கும். ஆனால் 20 செ.மீ. அகலமுள்ள வரியை ஒரு மீட்டர் தொலைவிலிருந்து படித்தால், கண் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு 11 டிகிரி அளவுக்கு ஓடும். அந்த ஓட்டம் கேமராவில் அப்படியே பதிவாகும். இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் அது பாதியாகும். வரியின் அகலத்தையும் பாதியாக்கினால் 3 டிகிரிக்குள் அடங்கிவிடும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் வரிக்கு இரண்டு, மூன்று சொற்களே வைத்து, எழுத்தைப் பெரிதாக்கி, நடுவில் ஒரு குறுகிய பட்டையாக ஓடவிடுங்கள். தள்ளி நிற்பதால் முகம் சிறிதாகத் தெரியுமே என்று அஞ்ச வேண்டாம்; தள்ளியிருப்பதைப் பெரிதாகக் காட்டும், அதிகக் குவியத் தூரமுள்ள லென்ஸையோ, கைப்பேசியின் 2 மடங்கு லென்ஸையோ பயன்படுத்தினால் போதும்.

இதிலும் ஒரு பிழை நேரலாம். கண் லென்ஸிலேயே ஒட்டிக்கொண்டு இமைக்காமல் நிற்பதும் இயல்பான பார்வை அன்று. நேரில் பேசும்போது யோசிப்பதற்காகப் பார்வையை நகர்த்துகிறோம். ஒரு கருத்து முடிந்ததும் கீழே பார்த்துவிட்டு மீண்டும் நிமிர்கிறோம். ஸ்கிரிப்டில் பத்தி முடியும் இடங்களில் வெற்று வரி விட்டு, அங்கே அப்படி ஒரு முறை பார்வையை எடுத்து மீண்டும் கொண்டுவந்தால், பேச்சுக்கும் மூச்சு கிடைக்கும். எழுத்து ஓடும் வேகம் உங்கள் கையில் இருந்தால்தான் இது இயலும்; எனவே ரிமோட்டோ காலால் அழுத்தும் பெடலோ இணைக்க வசதியுள்ளதா என்று வாங்கும் முன்பே பாருங்கள்.

மென்பொருளைப் பொறுத்தவரை, என்விடியா நிறுவனம் 2023இல் தன் பிராட்காஸ்ட் மென்பொருளில் பார்வையைத் திருத்தும் வசதியைச் சேர்த்தது. மென்பொருள் இலவசம்தான்; ஆனால் ஆர்டிஎக்ஸ் வகை கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். ஆப்பிளின் ஃபேஸ்டைமில் உள்ள இதையொத்த வசதி அழைப்புகளுக்கு மட்டுமே உதவும். இவை படத்தில் உங்கள் கண்ணைத் திருத்தி வரைபவை. தலை ஒரு பக்கம் திரும்பியிருக்கையில் விழி மட்டும் நேரே பார்க்கும் விபரீதம் இதில் நேரக்கூடும். கூட்டங்களுக்கு இது போதும். மாணவர்கள் முகத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருக்கும் பாடத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வாங்கும்போது மூன்றைச் சரிபாருங்கள். உங்கள் டேப்லெட் அதன் தட்டில் அடங்க வேண்டும். உங்கள் லென்ஸில் பதிவு செய்யும்போது டெலிப்ராம்ப்டர் சட்டத்தின் விளிம்பு படத்தில் விழாதிருக்க வேண்டும். மிக அகலமான லென்ஸில் அது பெரும்பாலும் விழும். மூன்றாவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்: ஸ்கிரிப்டை ஓடவிடும் செயலி தமிழை ஒழுங்காகக் காட்ட வேண்டும். 'கொடுத்தான்' என்ற ஒரு சொல்லை ஒட்டிப் பாருங்கள். ஒற்றைக்கொம்பும் காலும் இடம் மாறியோ பிரிந்தோ நின்றால் அச்செயலி உதவாது. கண்ணாடிக்கேற்ப எழுத்தை இடவலமாகத் திருப்பிக் காட்டும் வசதியையும் அதே தமிழ்ப் பத்தியில் சோதியுங்கள். ஸ்கிரிப்ட் யூனிகோடில் இருக்கட்டும். பழைய எழுத்துருக்களில் தட்டியது அர்த்தமற்ற குறிகளாகவே வந்து நிற்கும்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய டெலிப்ராம்ப்டரில் ஒவ்வொரு எழுத்தும் இரண்டாகத் தெரிகிறது, படமும் இருண்டு போகிறது. திருப்பி அனுப்பலாமா?

பதில்: அதற்கு முன் கண்ணாடியைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். இதற்கான கண்ணாடியில் ஒரு பக்கம் மட்டும் பிரதிபலிப்புப் பூச்சு இருக்கும்; அப்பக்கம் டேப்லெட்டையும் உங்களையும் நோக்கி இருக்க வேண்டும். ஒரு தாளின் முனையைக் கண்ணாடியில் மெதுவாக வையுங்கள். தாளும் அதன் தெளிவான பிம்பமும் முனையோடு முனை தொட்டால் அது பூச்சுள்ள பக்கம். நடுவே சிறு இடைவெளி தெரிந்தால் மறுபக்கம். எந்தப் பக்கத்திலும் ஏறக்குறைய சமமான இரண்டு பிம்பங்கள் தெரிந்தால், உங்களுக்கு வந்திருப்பது சாதாரணக் கண்ணாடி. அப்போது விற்பனைப் பக்கத்தில் 'பீம் ஸ்ப்ளிட்டர்' (இப்படிப் பூச்சிட்ட கண்ணாடியின் பெயர்) என்று குறிப்பிட்டிருந்த வரியையும், இரட்டை எழுத்து தெரியும் படத்தையும் இணைத்து, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் எழுதுங்கள். பெட்டியையும் உள்ளிருந்த அட்டைகளையும் அதுவரை எறிந்துவிடாதீர்கள்.

படம் இருண்டு தெரிவது மட்டுமே என்றால் அது குறையன்று. 70 விழுக்காடு ஒளியைக் கடத்தும் கண்ணாடியில் ஏறத்தாழ அரை ஸ்டாப் (ஒளி பாதியாகக் குறைந்தால் ஒரு ஸ்டாப்) இழப்பு இருந்தே தீரும். விளக்கைக் கூட்டினால் சரியாகும். லென்ஸைச் சுற்றிக் கறுப்புத் துணி இறுக மூடியிருக்க வேண்டும். பின்னாலிருந்து ஒளி நுழைந்தால் எழுத்து வெளிறிவிடும்.

கேள்வி: ப்ராக்ரஸிவ் மூக்குக்கண்ணாடி அணிகிறேன். டெலிப்ராம்ப்டரைப் படிக்கும்போதெல்லாம் தாடை தானாக உயர்கிறது. பெரிய திரை வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். அக்கண்ணாடியில் அருகில் பார்ப்பதற்கான பகுதி கீழேயும் இடைத் தூரத்துக்கான பகுதி அதற்கு மேலேயும் இருப்பதால், தெளிவைத் தேடித் தலை நிமிர்கிறது. எழுத்தைப் பெரிதாக்கி, தூரப் பார்வைப் பகுதி வழியாகவே தெளிவாகத் தெரியும் அளவுக்குத் தள்ளி நின்று பாருங்கள். அது போதாதென்றால், நீங்கள் நிற்கும் தூரத்தை அளந்து கண் பரிசோதகரிடம் சொல்லி, அத்தூரத்துக்கு மட்டுமான, பிரதிபலிப்புத் தடுப்புப் பூச்சுள்ள ஒற்றைப் பவர் கண்ணாடி ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். வெள்ளைப் பின்னணியைத் தவிர்த்து, கறுப்பில் வெள்ளை எழுத்தாக வைத்தால் டேப்லெட்டின் ஒளி உங்கள் மூக்குக்கண்ணாடியில் கட்டமாக விழுவதும் குறையும்.