பத்தாயிரம் பேர் வாழ்ந்த வீடுகள் எங்கே போயின? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மகன் வீட்டுக்கு கலிஃபோர்னியா போயிருந்தபோது, 395ஆம் நெடுஞ்சாலையில் மான்சனார் என்ற இடத்தில் காரை நிறுத்தினோம். இரண்டாம் உலகப்போரின்போது ஜப்பானியர்களை அடைத்து வைத்த முகாம் என்று பலகை சொன்னது. பெரிய கூடம் ஒன்று, வாசலில் கல்லால் கட்டிய இரண்டு சின்ன அறைகள், இவற்றைத் தவிர கண்ணுக்கெட்டியவரை புதர்தான். மற்றதையெல்லாம் இடித்துவிட்டார்களா?
– திருச்சி வாசகர்

பதில்: முதலில் ஒரு திருத்தம். அங்கே அடைக்கப்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஜப்பானியர்கள் இல்லை, அமெரிக்காவிலேயே பிறந்த அமெரிக்கக் குடிமக்கள். அவர்களுடைய பெற்றோருக்கோ, ஆசிய இனத்தவர் என்பதால், விரும்பினாலும் குடியுரிமை வாங்க முடியாதபடி அன்றைய சட்டம் இருந்தது. 1942 பிப்ரவரி 19 அன்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட் போட்ட ஒரே கையெழுத்தில், மேற்குக் கடற்கரையில் இருந்த சுமார் 1,20,000 பேர் கையில் தூக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதாயிற்று. குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை. அப்படிக் கட்டிய பத்துப் பெரிய முகாம்களில் ஒன்றுதான் நீங்கள் பார்த்த மான்சனார்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். இடித்து எறிந்துவிடவில்லை, விற்றுவிட்டார்கள்! 36 பிளாக்குகள், ஒவ்வொன்றிலும் 20 அடி அகலமும் 100 அடி நீளமுமாக 14 கொட்டகைகள், அதாவது மொத்தம் 504. ஒரு கொட்டகையை நான்காகத் தடுத்து, தடுப்புக்கு எட்டுப் பேர் வரை விட்டார்கள், அந்த எட்டுப் பேரும் ஒரே குடும்பமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பச்சை மரத்துக்கு மேல் தார் பூசிய காகிதம், அவ்வளவுதான் சுவர். மரம் காய்ந்து சுருங்கியதும் தரைப் பலகைகளுக்கு இடையே விரல் நுழையும் அளவு இடைவெளி விட்டது. பலகையில் இருந்த கணுக்கள் கழன்று விழுந்து ஓட்டை ஓட்டையாக நின்றது. பாலைவனக் காற்று அடித்தால் கீழேயிருந்து மணல் பீய்ச்சிக்கொண்டு வரும். காலையில் எழுந்தால் போர்வை, முகம், வாய் எல்லாம் மணல். அதனால் மக்கள் சாப்பாட்டு டப்பாக்களின் தகர மூடிகளைச் சேர்த்து வைத்து, ஒவ்வொரு ஓட்டையின் மேலும் ஒரு மூடியை ஆணி வைத்து அடித்தார்கள். இந்த முகாம்களைப் பற்றிப் படித்ததில் என்னை விட்டுப் போகாத காட்சி இதுதான், தன் தவறு எதுவும் இல்லாமல் சிறைக்கு வந்த ஒரு தகப்பன் தரையில் குனிந்து உட்கார்ந்து தகர மூடிக்கு ஆணி அடிப்பது.

1945 நவம்பரில் முகாம் மூடப்பட்டது. போர் முடிந்த நேரம், மரத்துக்குப் பெரிய தட்டுப்பாடு, படையிலிருந்து திரும்பியவர்களுக்கு வீடு இல்லை. கொட்டகைகளை அவர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் விற்றார்கள். சிலர் பலகை பலகையாகப் பிரித்துக்கொண்டு போனார்கள், சிலர் அப்படியே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். முகாம் இருந்த பள்ளத்தாக்கின் சிற்றூர்களில் பழைய வீடுகள் சிலவற்றின் சுவருக்குள் இருப்பது முகாம் மரம்தான்.

நீங்கள் பார்த்த பெரிய கூடம் 1944இல் கட்டிய அரங்கம். பள்ளி விழாவும் விளையாட்டும் நடந்த இடம். அது தப்பியதற்குக் காரணம் யாருடைய மரியாதையும் இல்லை. உயரமான கூரையும் விசாலமான தரையும் இருந்ததால், உள்ளூர் நிர்வாகம் வாங்கி, பிற்பாடு ரோடு போடும் வண்டிகளை நிறுத்தவும் ரிப்பேர் பார்க்கவும் பயன்படுத்தியது. 2004இல்தான் அது அருங்காட்சியகமாகத் திறந்தது. வாசலில் இருந்த இரண்டு கல் அறைகளும் காவலர்கள் நிற்பதற்காகக் கட்டியவை. கட்டியவரோ முகாமில் அடைபட்டிருந்த ரியோஸோ காடோ என்ற கைதேர்ந்த கொத்தனார்! தன்னையே காவல் காக்கிறவனுக்கு நிழல் கட்டிக் கொடுத்திருக்கிறார், அதையும் ஜப்பானியக் கூரையின் சாயலோடு அழகாகக் கட்டியிருக்கிறார்.

மேற்குப் பக்கம் கல்லறைக்குப் போனீர்களா? போகாமல் வந்திருந்தால் அடுத்த முறை கட்டாயம் போங்கள். வெள்ளைத் தூண் ஒன்று மலையைப் பின்னணியாக வைத்து நிற்கும். 1943 ஆகஸ்டில் அதே காடோவின் தலைமையில் எழுப்பியது, ஆன்மாக்களை ஆறுதல்படுத்தும் தூண் என்று அதில் ஜப்பானிய எழுத்தில் இருக்கிறது. அதன் அடியில் வருகிறவர்கள் காகிதக் கொக்குச் சரங்களையும் காசுகளையும் கூழாங்கற்களையும் வைத்துவிட்டுப் போகிறார்கள். அப்புறம் தோட்டங்கள். சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே நீண்ட வரிசையில் நிற்கிறவர்களுக்காக அவர்களே குளம் வெட்டி, பாறை அடுக்கி, பாலம் போட்டார்கள். மண் மூடிக் கிடந்த அந்தக் குளங்களைத் தொல்லியலாளர்கள் தோண்டி எடுத்திருக்கிறார்கள், சில இடங்களில் ஈரச் சிமெண்டில் யாரோ பெயரும் தேதியும் கீறி வைத்திருப்பது இன்றும் தெரிகிறது.

ஆக, அரசாங்கம் அவசரமாகக் கட்டிய வீடுகள் போய்விட்டன, அடைபட்டவர்கள் கல்லிலும் சிமெண்டிலும் கைப்படச் செய்தவை நிற்கின்றன.

கேள்வி: விற்றுப்போன கொட்டகைகளை யாராவது திரும்பக் கண்டுபிடித்தார்களா? எழுபது எண்பது வருடத்தில் எல்லாம் மக்கியிருக்குமே.
– கோவை வாசகி

பதில்: மக்கவில்லை அம்மா, அதுதான் ஆச்சரியம். வயோமிங் மாநிலத்தில் ஹார்ட் மவுண்டன் என்று இன்னொரு முகாம். 1942இல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுவந்து இறக்கியதும், மாநிலத்தின் மூன்றாவது பெரிய ஊராகவே அது ஆகிவிட்டது! போர் முடிந்ததும் சுற்றியிருந்த நிலத்தை விவசாயம் செய்ய முன்னாள் படைவீரர்களுக்குக் கொடுத்தார்கள், கூடவே கொட்டகைகளையும் ஒரு டாலர் போலப் பெயரளவு விலைக்குக் கொடுத்தார்கள். அவ்வளவு நீளத்தை அப்படியே இழுத்துக்கொண்டு போக முடியாதே, அறுத்துத் துண்டுகளாக வயலுக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு துண்டை எல் வடிவில் சேர்த்து வைத்தால் ஒரு வீடு. ஒரு துண்டு தனியாக நின்றால் டிராக்டர் நிறுத்தவோ தானியம் கொட்டவோ ஆயிற்று.

வெளியே புதுப் பலகை, உள்ளே பூப்போட்ட காகிதம் என்று ஒட்டியதால் பல வீடுகள் அடையாளம் தெரியாமல் போயின. ஆனால் சரியாக 20 அடி அகலம், சரிவு குறைந்த கூரை, ஒரே இடைவெளியில் ஜன்னல், இதைப் பார்த்தாலே விஷயம் தெரிந்தவர்கள் இது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுவார்கள். அந்த விவசாயிகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களும் தண்ணீர் இல்லாத, மின்சாரம் இல்லாத புல்வெளியில் கைக்குழந்தையோடு வந்து இறங்கியவர்கள், அவர்கள் குடியிருந்ததால்தான் மரம் உயிரோடு இருந்தது. சும்மா விட்டிருந்தால் பத்து வருடத்தில் காற்றே பிய்த்துக்கொண்டு போயிருக்கும்.

ஒரு கொட்டகை ஷெல் என்ற சிற்றூருக்குப் போனது. அங்கே அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் புவியியல் மாணவர்கள் களப்பயிற்சிக்கு வந்து தங்கும் அறையாகப் பல வருடம் இருந்தது. 2015இல் அதை வண்டியில் ஏற்றி மறுபடியும் முகாம் இருந்த இடத்துக்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். அங்கே பழைய மருத்துவமனையின் செங்கல் புகைபோக்கி ஒன்றும் தனியாக நிற்கிறது. பாலைநிலத்தில் கால்வாய் வெட்டி விளைவித்த காய்கறியைப் பாதுகாக்க மண்ணுக்கு அடியில் கட்டிய நிலவறைகளில் ஒன்றும் மிஞ்சியிருக்கிறது. ஐடஹோவில் மினிடோகா, கொலராடோவில் அமாச்சி முகாம்களுக்கும் இப்படிச் சில கட்டிடங்கள் திரும்பியிருக்கின்றன.

கேள்வி: மான்சனாரில் இப்போது புதிதாகக் கொட்டகைகளும் காவல் கோபுரமும் கட்டி வைத்திருக்கிறார்களாம். இது சினிமா செட் போட்ட மாதிரி ஆகாதா?
– நெல்லை வாசகர்

பதில்: எனக்கும் ஆரம்பத்தில் அந்தத் தயக்கம் இருந்தது. அங்கே இருக்கும் சாப்பாட்டுக் கூடம் அதே காலத்துக் கட்டிடம், ஆனால் பிஷப் ஊர் விமான நிலையத்திலிருந்து 2002இல் கொண்டுவந்தது. காவல் கோபுரம் 2005இல் புதிதாக எழுப்பியது. 14ஆம் பிளாக்கில் நிற்கும் கொட்டகைகளும் புதியவைதான். இதையெல்லாம் அவர்கள் மறைக்கவில்லை, கேட்டால் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அது போதும்.

ஏனென்றால் வெறும் புதரைக் காட்டி, இங்கே பத்தாயிரம் பேர் இருந்தார்கள் என்றால் எத்தனை பேருக்கு உறைக்கும்? பெண்களுக்கான கழிப்பறையையும் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். நடுவே தடுப்பே இல்லாமல் பீங்கான்கள் வரிசையாக, முதுகோடு முதுகாக. அன்றைக்கு வயதான பெண்கள் ராத்திரி எல்லோரும் தூங்கும்வரை காத்திருந்து போவார்களாம், சிலர் பெரிய அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுற்றி மறைத்துக்கொள்வார்களாம். இதை எத்தனை பக்கம் எழுதினாலும், அந்த அறைக்குள் ஒரு நிமிடம் நின்றால் வருவது வராது.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். பழையது எங்காவது கிடைத்தால் புதியது கட்டும் பணத்தை முதலில் அதைக் காப்பாற்றத்தான் செலவழிக்க வேண்டும். கலிஃபோர்னியாவின் வடக்கு எல்லையில் டூலி லேக் முகாமில், முகாமுக்குள்ளேயே ஒரு கான்கிரீட் சிறை இருக்கிறது. அடைபட்டவர்கள் சுவரில் பென்சிலால் எழுதியது இன்னும் மிஞ்சியிருக்கிறது. அதை எந்தத் தச்சரும் திரும்பச் செய்து தர முடியாது.

கேள்வி: நம் நாட்டில் இப்படி முகாம்கள் இருந்தனவா? கட்டிடம் ஏதாவது மிச்சம் உண்டா?
– மதுரை வாசகர்

பதில்: இருந்தன. ராஜஸ்தானில் தேவ்லி. சுதந்திரப் போராட்டத்தில் பிடிபட்டவர்களை ஆங்கிலேயர் அங்கே அடைத்தார்கள், ஜெயப்பிரகாஷ் நாராயணும் 1941இல் அங்கே இருந்தார். உலகப்போரில் சிங்கப்பூர், மலாயாவில் பிடித்த ஜப்பானியக் குடும்பங்களை முதலில் டெல்லி புராணா கிலாவில் வைத்திருந்துவிட்டு தேவ்லிக்கு மாற்றினார்கள். இலங்கையில் தியத்தலாவை முகாமில் இருந்த ஜெர்மானியர்களையோ 1942இல் டேராடூனுக்குக் கொண்டுவந்தார்கள்.

வெள்ளைக்காரன் செய்தான் என்று இதோடு நிறுத்த முடியாது. 1962 சீனப் போருக்குப் பிறகு, அசாமிலும் டார்ஜிலிங் பக்கத்திலும் தலைமுறைகளாக வாழ்ந்த சீன வம்சாவளிக் குடும்பங்களில் சுமார் 3,000 பேரை, குழந்தைகள் உட்பட, ரயிலில் ஏற்றி இதே தேவ்லிக்கு அனுப்பியது சுதந்திர இந்தியாவின் அரசாங்கம். சிலர் நான்கு வருடத்துக்கும் மேல் உள்ளே இருந்தார்கள். அமெரிக்கா 1988இல் சட்டம் போட்டு மன்னிப்புக் கேட்டது, உயிரோடு இருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் கொடுத்தது. தேவ்லியில் இருந்து கனடா போய்க் குடியேறியவர்கள் பணம்கூட வேண்டாம், தவறு என்று ஒப்புக்கொண்டு ஒரு நினைவுச்சின்னம் வையுங்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இன்று அந்த வளாகம் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையின் பயிற்சி மையம். நீங்களோ நானோ நினைத்த நேரத்தில் போய்ப் பார்த்துவிட்டு வர முடியாது.