குடம் கேட்கவில்லை

அன்புள்ள அண்ணாச்சி,

நானும் என் கூட்டாளியும் பாளையங்கோட்டை ஹாஸ்டலில் ஒரே வாக்மேனில் அமெரிக்க ஹெவி மெட்டல் குழு மெட்டாலிகாவைக் கேட்டவர்கள். 1991-இல் வந்த பிளாக் ஆல்பத்தோடு அவன் அவர்களை விட்டுவிட்டான். 'காசுக்காகக் குணம் மாறினவங்க' என்பான். எனக்கு அதற்குப் பிறகு வந்ததும் பிடிக்கும். ஆனித் தேரோட்டத்துக்கு வந்தவனோடு இந்தப் பேச்சு முற்றி, இப்போது போன் அடித்தாலும் எடுப்பதில்லை. மாறுவது துரோகமா அண்ணாச்சி?

ஒரு வாசகர், மேலப்பாளையம்

அன்புள்ள தம்பி,

உங்கள் கூட்டாளி கொண்டாடும் பழைய மெட்டாலிகாவும் மாறி மாறி வந்ததுதான். 1984-இல் 'ஃபேட் டு பிளாக்' பாட்டை அக்கூஸ்டிக் கிதாரில் மெதுவாகத் தொடங்கியபோதே 'விலைபோய்விட்டார்கள்' என்றார்கள். 1986-இல் ஸ்வீடனில் பஸ் கவிழ்ந்து அவர்களுடைய பேஸ் கிதார் கலைஞர் கிளிஃப் பர்ட்டன் இறந்தார். அடுத்த ஆல்பத்தில் பேஸ் கிதார் காதில் விழுவதே அபூர்வம். அதில் பத்து நிமிஷத்தைத் தொடும் பாட்டையெல்லாம் ஊர் ஊராக வாசித்து அவர்களுக்கே அலுத்த பிறகுதான் பிளாக் ஆல்பத்தில் சுருக்கினார்கள். அதைக் காசாசை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனாலும் உங்கள் கூட்டாளியின் கோபம் எனக்குத் தெரிந்த கோபம். எங்கள் ஊர் சுடலைமாடன் கொடையில் வில்லுப்பாட்டு என்றால் சிறுவயதில் குடத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். பானை வாயில் மட்டை விழும்போது வயிற்றுக்குள் 'கும்' என்று இறங்கும். மறுகையில் இருக்கும் காசு பானைக் கழுத்தில் 'டிங்' என்று தட்டும். இப்போது கீபோர்டு வந்துவிட்டது, ரிதம் பேடு வந்துவிட்டது. வரட்டும், ஆர்மோனியமும் ஒரு காலத்தில் புதிதாக வந்ததுதானே. போன கொடையில் குடக்காரர் வேர்க்க விறுவிறுக்க அடித்துக்கொண்டிருக்கிறார், ஸ்பீக்கரில் குடத்தைக் காணோம். அவருக்கு மைக்கே வைக்கவில்லை. மாடன் கதை பாதியில் இருக்கும்போதே எழுந்து வந்துவிட்டேன். வாழ்நாளில் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. வீட்டில் 'பழசையே பிடிச்சுக்கிட்டுத் தொங்குதீக' என்றார்கள். பழசு புதுசு இல்லை தம்பி, எனக்கு அந்தக் குடம் வேண்டும்.

அதனால் துரோகமா இல்லையா என்று அவரோடு மல்லுக்கு நிற்காதீர்கள். எந்தச் சத்தம் போச்சு என்று கேளுங்கள். 2003-இல் வந்த 'செயின்ட் ஆங்கர்' ஆல்பத்தைச் சேர்ந்து உட்கார்ந்து போடுங்கள். ஸ்னேர் டிரம்முக்கு அடியில் சுருள்கம்பிகள் தோலை ஒட்டி இருந்தால்தான் அடி நறுக்கென்று விழும். மெட்டாலிகாவின் டிரம்மர் லார்ஸ் உல்ரிச் அந்தக் கம்பிகளை விலக்கிவிட்டு அடித்தார். தகர வாளியைத் தட்டியதுபோல ஒவ்வொரு அடியும் இழுத்துக்கொண்டு ஒலிக்கும். கிதார் சோலோவும் ஒன்றுகூடக் கிடையாது. பர்ட்டனுக்குப் பின் வந்த பேஸ் கலைஞர் விலகி, பாடகர் ஹெட்ஃபீல்டு குடிப்பழக்க சிகிச்சைக்குப் போய்வந்த சமயத்தில் செய்த ஆல்பம் அது. அந்த வலி அதில் கேட்கிறது என்று நீங்கள் சொல்வீர்கள், அது சரிதான். ஆனால் ஸ்னேர் விஷயத்தில் நான் உங்கள் கூட்டாளி கட்சி. அவர் போனை எடுத்தால் முதலில் இதைச் சொல்லுங்கள்.